மழைக்காலத்துக்கு எஸ்.யூ.வி. டயர் தேர்ந்தெடுப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி சாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை பிடித்த முதல் வாரம் அது. தருமபுரியிலிருந்து சேலத்துக்குத் தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தபோது, முன்னால் சென்ற லாரி சட்டென்று வேகம் குறைத்தது. நான் பிரேக்கை மிதித்தேன். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யும் துடிப்பு பாதத்தில் தெரிந்தது. ஆனால் வண்டி நான் கணக்கிட்ட இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், லாரியின் பின்பலகைக்கு இரண்டு முழம் முன்னால்தான் நின்றது. பின்னிருக்கையில் என் தாயார் இருந்தார்.

மறுநாள் காலை நான்கு டயர்களையும் உட்கார்ந்து பார்த்தேன். சாலையைத் தொடும் மேற்பரப்பான ட்ரெட்டில் உள்ள பள்ளத்தின் ஆழம் நான்கு மில்லிமீட்டருக்குக் குறையவில்லை. ஒரு மாதத்துக்கு முன் காற்றுப் பிடித்த கடையில், "பட்டன் நல்லா இருக்குதுங்கணா, இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓட்டலாம்" என்று சொல்லியிருந்தார்கள். பட்டன், அதாவது பள்ளங்களுக்கு இடையே எழுந்து நிற்கும் ரப்பர் கட்டைகள், அவற்றைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் கட்டை விரல் நகத்தால் அழுத்தியபோது ரப்பர் சிறிதும் உள்வாங்கவில்லை. பள்ளங்களின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன. பக்கச் சுவரில் இருந்த தயாரிப்பு எண்ணைத் துடைத்துப் படித்தால், டயருக்கு ஏழு வயது முடிந்திருந்தது. வண்டியை இரண்டாம் கையாக வாங்கிய நான் அதுவரை அந்த எண்ணைப் படித்ததே இல்லை. அதன்பின் புதிய டயர் வாங்க நான் தேடியதும், கேட்டதும், கற்றதும்தான் இந்த வழிகாட்டி. நம் இரு மாவட்டங்களின் சாலைகளில் எஸ்.யூ.வி. ஓட்டும் ஒருவர், டயரை எதற்கு முன்பும் ஈரச்சாலையில் நிற்கும் திறனைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குளிர்கால டயர் நமக்குத் தேவையா?

இணையத்தில் எஸ்.யூ.வி. டயர் என்று தேடினால் குளிர்கால டயர் பற்றிய அறிவுரைகளே முதலில் வந்து நிற்கின்றன. ஆகவே இதை முதலிலேயே தெளிவாக்கிவிடுவது நல்லது. சாதாரண டயரின் ரப்பர், வெப்பம் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது இறுகத் தொடங்கி, சாலையைப் பற்றும் தன்மையை இழக்கிறது. குளிர்கால டயரின் ரப்பர் கலவை அந்தக் குளிரிலும் நெகிழ்வாக இருக்கும்படி செய்யப்படுகிறது. அதன் பட்டன்களின் மேல் கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான நுண்வெட்டுகள் இருக்கும். அவை பனியைக் கடித்துப் பிடிக்கின்றன. சோதனையில் தேறிய டயரின் பக்கச் சுவரில், மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கமான எம்+எஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் அது தயாரிப்பாளர் தாமே அறிவித்துக்கொள்வதாகும். அதற்குத் தனிச் சோதனை தேவையில்லை. ஜெர்மனியில் பனிச்சாலையில் ஓட்ட 2024 அக்டோபர் முதல் எம்+எஸ் மட்டும் போதாது, மலைச் சின்னமும் வேண்டும் என்பதிலிருந்தே இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணரலாம்.

நம் பகுதியில் தளியிலும் ஓசூரிலும் மார்கழிப் பனி கண்ணாடியை மறைக்கும். ஆனாலும் 7 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் தங்கும் குளிர் இங்கே வருவதில்லை. மாறாக, சித்திரை வெயிலில் தருமபுரியின் தார்ச்சாலை கொதிக்கும்போது அந்த மென்மையான ரப்பர் விரைவாகத் தேயும்; பிரேக் பிடிக்கும்போது பட்டன்கள் நெளிந்து, நிற்கும் தூரமும் கூடும். எனவே நம் ஊர் ஓட்டத்துக்குக் குளிர்கால டயர் வேண்டாம். தை மாதத்தில் காஷ்மீருக்கோ மணாலிக்கோ போகும் எண்ணமிருந்தால், பனிப்பகுதியில் அங்குள்ள ஓட்டுநரோடு அங்குள்ள வண்டியை அமர்த்திக்கொள்வதே அறிவுடைமை. நமக்குக் குளிர்காலம் என்றால் மழைக்காலம். அதற்கேற்ற டயரைத்தான் தேட வேண்டும்.

முதல் படி: உங்கள் சாலையைக் கணக்கெடுங்கள்

கடைக்குப் போகும் முன், ஒரு மாதத்தில் உங்கள் வண்டி எந்தெந்தச் சாலையில் எவ்வளவு ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று ஓடுகிறவருக்கு, தொடர்ச்சியான வேகமும் வெயிலின் சூடும் தொப்பூரின் ஈர இறக்கமும்தான் கேள்வி. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கும், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கும், வத்தல்மலைக்கும் அடிக்கடி போகிறவருக்கு வளைவுகளில் பக்கவாட்டுப் பிடிப்பு முக்கியம்; காட்டுச்சாலையில் உதிர்ந்த ஈரச் சருகு எண்ணெய் பூசியதுபோல வழுக்கும். காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர் மழை நாளில் செம்மண் சேற்றில் இறங்கியே ஆக வேண்டும்.

இன்னொன்றை வெளியூர் வழிகாட்டிகள் சொல்வதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் குவாரிகளும் ஜல்லி கிரஷர்களும் உள்ள சாலைகளில், டிப்பர் லாரிகளிலிருந்து சிந்திய கல் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். எதிர்வண்டிக்கு வழிவிட நாம் ஓரம் கட்டும்போது, உடைந்த கல்லின் கூர்முனை டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கிறது. ட்ரெட்டில் ஏறிய ஆணியைப் பஞ்சர் போட்டுச் சரிசெய்யலாம். பக்கச் சுவர் கிழிந்தால் அந்த டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்தப் பாதையில் தினமும் போகிறவர்கள் பக்கச் சுவர் உறுதியான டயரையே கேட்டு வாங்க வேண்டும்.

பத்தில் எட்டுப் பங்கு ஓட்டம் எந்தச் சாலையில் இருக்கிறதோ, அந்தச் சாலைக்கே டயர் வாங்குங்கள். ஆண்டுக்கு இருமுறை போகும் மலைப்பயணத்தை நினைத்து வாங்கினால், மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் அதற்கான விலையைக் கொடுக்க நேரிடும்.

இரண்டாம் படி: பக்கச் சுவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

ஒரு கைப்பேசி விளக்கும் ஈரத்துணியும் போதும். 215/60 ஆர் 17 96 எச் என்ற அளவை எடுத்துக்கொள்வோம். ஹூண்டாய் கிரெட்டாவின் 17 அங்குல ரிம்மில் வரும் அளவு இது. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. ஆக 129 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல் அமைப்பு, 17 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 96 என்பது எடைக் குறியீடு. சரியான காற்றழுத்தத்தில் அந்த ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்று பொருள். எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரையான வேகத் தகுதி. எஸ் என்றால் 180, டி என்றால் 190, வி என்றால் 240.

எடைக் குறியீட்டை நம்மில் பலரும் பார்ப்பதே இல்லை. ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளிக் கிரேடுகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டு போகிறவரும், கல்யாண வீட்டுக்கு ஏழு பேரோடு சீர்வரிசையையும் ஏற்றிக்கொண்டு போகிறவரும் வண்டியின் தாங்குதிறனை எல்லை வரை பயன்படுத்துகிறார்கள். வண்டி உற்பத்தியாளர் சொன்ன எடைக் குறியீட்டுக்கும் வேகத் தகுதிக்கும் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது. 95 என்றால் 690 கிலோ, 91 என்றால் 615 கிலோ. குறியீட்டில் நான்கு புள்ளி இறங்கியதும் ஒரு டயருக்கு 75 கிலோ போய்விடுகிறது. அதிகச் சுமையோடு வெயிலில் ஓடும் டயர் உள்ளே சூடேறி, அடுக்குகள் பிரிந்து வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது தயாரிப்பு நாள். டாட் என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இந்த நான்கு இலக்கங்கள் இருப்பதும் உண்டு. வெளியே காணாவிட்டால் வண்டிக்கடியில் குனிந்து உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஓடாமல் நின்றாலும் ரப்பர் வெயிலிலும் காற்றிலும் இறுகும். ஐந்து வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தவரிடம் காட்டுங்கள்; ஆறு முடிந்தால், எவ்வளவு பட்டன் மிச்சமிருந்தாலும் நம் வெயிலுக்கு மாற்றிவிடுவதே நல்லது என்பேன். என் அனுபவம் என்னை அப்படிச் சொல்ல வைக்கிறது.

ட்ரெட் பள்ளங்களுக்கு நடுவே குறுக்காகச் சிறிய மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. அது கடைசி எல்லை. அதுவரை காத்திருக்கலாம் என்று கொள்ள வேண்டாம். பள்ளத்தின் வேலை, சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையே சிக்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது. பள்ளம் ஆழமிழந்தால் தண்ணீர் போக வழியின்றி, டயர் சாலையைத் தொடாமல் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். அந்த நொடியில் ஸ்டீயரிங் கையில் கனமின்றிக் காற்றில் சுழல்வதுபோல இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்ததும், ஆவணிக்குள் மாற்றிவிடுங்கள். ஆழம் அளக்கும் சிறிய கருவி உதிரிபாகக் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, ஒரு விளிம்பு மட்டும் என்றால் அலைன்மென்ட் கோளாறு.

மூன்றாம் படி: டயரின் வகையை முடிவு செய்யுங்கள்

எஸ்.யூ.வி. டயர்களில் மூன்று பெரும் வகைகள் உண்டு. எச்.டி. என்பது நெடுஞ்சாலை டயர். பட்டன்கள் நெருக்கமாக இருப்பதால் தார்ச்சாலையோடு ஒட்டும் பரப்பு கூடுதல்; இரைச்சல் குறைவு, டீசல் செலவும் குறைவு. ஏ.டி. என்பது தார், மண் இரண்டுக்கும் பொதுவானது. பட்டன்களுக்கு இடையே இடைவெளி பெரிது, பல தயாரிப்புகளில் பக்கச் சுவரும் தடிமன். எம்.டி. என்பது சேற்றுக்கே உரியது; கட்டை கட்டையான பட்டன்கள்.

கரடுமுரடாகத் தெரியும் டயர் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஈரமான தார்ச்சாலையில் நடப்பது பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. பட்டன்களுக்கிடையே வெற்றிடம் பெரிதாகப் பெரிதாக, சாலையைத் தொடும் ரப்பர் குறைகிறது. உயரமான பட்டன் பிரேக் பிடிக்கையில் வளைகிறது. கல் கிழிப்பதைத் தாங்குவதற்காகக் கடினமாக்கப்பட்ட ரப்பர் ஈரத்தில் குறைவாகவே பற்றுகிறது. எம்.டி. டயர் போட்ட வண்டி தொப்பூர் இரட்டைப் பாலத்தருகே மழையில் அவசரமாக நிற்க வேண்டிவந்தால், நல்ல எச்.டி. டயர் போட்ட வண்டியைவிடக் கூடுதல் தூரம் எடுக்கும். அழகுக்காக எம்.டி. மாட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதனால் என் பரிந்துரை இது. நெடுஞ்சாலையும் நகரமும்தான் உங்கள் ஓட்டம் என்றால், ஈரப்பிடிப்பு நன்றாக உள்ள எச்.டி. டயர். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தோப்பு, குவாரிச் சாலை, மலைக்கிராமம் என்று போக வேண்டியிருந்தால், மிதமான வடிவமுள்ள ஏ.டி. டயர். சேற்றில் தினமும் இறங்கும் நான்கு சக்கர இயக்க வண்டிக்கு மட்டுமே எம்.டி.யை யோசிக்கலாம்.

ட்ரெட்டின் வடிவத்தையும் பாருங்கள். அம்புக்குறி போல வி வடிவில் ஒரே திசையில் ஓடும் பள்ளம் தண்ணீரை நன்றாகத் தள்ளும். ஆனால் அதை இடம் வலம் மாற்ற முடியாது. உள்பக்கம் ஒரு வடிவமும் வெளிப்பக்கம் வேறு வடிவமும் கொண்ட டயர் ஈரத்துக்கும் வளைவுக்கும் ஒருசேரப் பொருந்துவது. நம் மலைச்சாலைகளுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். எந்த வடிவமானாலும் சுற்றிலும் ஓடும் ஆழமான நீள் பள்ளங்கள் குறைந்தது மூன்று இருக்கட்டும்.

சில டயர்களில் ட்ரெட்வேர், டிராக்‌ஷன், டெம்பரேச்சர் என்ற மூன்று தரக்குறியீடுகள் இருக்கும். டிராக்‌ஷன் என்பது ஈரச்சாலையில் நேர்கோட்டில் நிற்கும் பிடிப்பு. ஏஏ மிக உயர்ந்தது, பிறகு ஏ, பி, சி. டெம்பரேச்சர் என்பது சூட்டைத் தாங்கும் தரம். நம் வெயிலுக்கு ஏ வாங்குவது நல்லது. ட்ரெட்வேர் எண் கூடினால் டயர் நீண்ட நாள் உழைக்கும். கடையில் முதலில் காதில் விழுவது, "எத்தனை கிலோமீட்டர் வரும்?" என்ற கேள்விதான். கூடுதலாகப் பத்தாயிரம் கிலோமீட்டர் வருவதற்காக ஈரப்பிடிப்பில் ஒரு படி இறங்குவதை நான் ஏற்கவில்லை.

நான்காம் படி: அளவை மாற்ற ஆசைப்பட்டால் கணக்குப் போடுங்கள்

அகல டயர் போட்டால் வண்டி கம்பீரமாகத் தெரியும் என்பது உண்மைதான். மொத்த விட்டம் பழைய அளவிலிருந்து 3 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. 215/60 ஆர் 17 டயரின் விட்டம்: ரிம் 431.8 மில்லிமீட்டர், இரு பக்கச் சுவரும் சேர்ந்து 258, ஆக 689.8. அதே ரிம்மில் 225/60 போட்டால் 701.8, கூடுதல் 1.7 விழுக்காடுதான். 235/60 போட்டால் 713.8, இது 3.5 விழுக்காடு, வரம்பைத் தாண்டிவிட்டது. ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகத்தைவிட உண்மை வேகம் அதே விழுக்காட்டில் கூடும், ஏ.பி.எஸ். கணக்கும் மாறும், முழுதாகத் திருப்பும்போது டயர் உள்தட்டில் உரசும். அதுபோக, அகலமான டயருக்குத் தண்ணீரின் மேல் மிதக்கும் போக்கும் சற்று அதிகம். மழைக்காகத்தான் டயர் மாற்றுகிறோம் என்றால் கம்பெனி அளவிலேயே நிற்பது மேல்.

ஐந்தாம் படி: கடையில் கவனிக்க வேண்டியவை

டயரை ரிம்மில் ஏற்றும் முன்பே நான்கின் தயாரிப்பு நாளையும் நீங்களே படியுங்கள். ஆறு மாதத்துக்குள் செய்தது என்றால் நிறைவு. ஓராண்டைத் தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள். இந்தியாவில் விற்கும் கார் டயர்களுக்கு ஐ.எஸ். 15633 தரநிலைப்படியான ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், இறக்குமதி டயராக இருந்தாலும் அது பக்கச் சுவரில் இருக்க வேண்டும். பில்லில் ஒவ்வொரு டயரின் வரிசை எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பின்னால் உத்தரவாதம் கேட்க அதுதான் ஆதாரம். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயர்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. விலை பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

நான்கும் ஒன்றாக மாற்றுவதே சிறப்பு. நான்கு சக்கர இயக்க வண்டியில் டயர்களின் சுற்றளவு வேறுபட்டால் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலும் அதைச் சார்ந்த பகுதிகளும் வீணாக உழைத்துச் சூடேறும். அங்கே நான்கும் ஒரே தயாரிப்பு, ஒரே தேய்மானமாக இருப்பது அவசியம். பணநெருக்கடியில் இரண்டு மட்டும் வாங்கினால், புதியவற்றைப் பின்சக்கரங்களில் போடச் சொல்லுங்கள். வண்டி முன்சக்கர இயக்கமாக இருந்தாலும் அப்படித்தான். ஈர வளைவில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் மீளலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். மலைச்சாலையில் அதற்கு மறுபக்கம் பள்ளம் இருக்கிறது. இதற்குக் கடைக்காரர் மறுத்துப் பேசினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டயரோடு வால்வுகளையும் புதிதாக மாற்றுங்கள். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் அன்றே செய்ய வேண்டும். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் முறுக்கி விட்டுவிடாமல், கடைசியில், முறுக்கும் விசையை அளந்து இறுக்கும் டார்க் ஸ்பானரால் உங்கள் வண்டிக்குரிய அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னியையும் இறக்கி வயதையும் காற்றையும் பாருங்கள். சில வண்டிகளில் ஸ்டெப்னி சிறிய அளவினதாக இருக்கும். அதன்மேல் எழுதியுள்ள வேக வரம்பு, பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டர், அதைத் தாண்டக் கூடாது.

ஆறாம் படி: காற்றும் முதல் சில நூறு கிலோமீட்டரும்

டயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். வண்டிக்கு வைக்க வேண்டிய அளவு அது அன்று. சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும்; இருவர் போகும்போது ஓர் அளவு, முழுச் சுமைக்கு ஓர் அளவு. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். வெப்பம் சுமார் 5 டிகிரி மாறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. மாறும், ஆகவே நண்பகலில் ஓசூரிலிருந்து ஓட்டிவந்து கிருஷ்ணகிரியில் அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை குறைந்த காற்றோடு கிளம்புவீர்கள். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பதும் தவறு. அழுத்தம் குறைந்த டயர் குறைந்த வேகத்திலேயே தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும்.

புது டயரின் மேல்பரப்பில், அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பான பூச்சின் மிச்சம் இருக்கும். அது தேயும் வரை, ஏறத்தாழ முதல் 300 கிலோமீட்டருக்கு, கடும் பிரேக்கும் வேகமான வளைவும் வேண்டாம். அதனால்தான் மழை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே, வறண்ட சாலை இருக்கும்போதே மாற்றச் சொல்கிறேன். மாற்றி 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை மீண்டும் சரிபாருங்கள். பிறகு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுங்கள். குவாரிச் சாலையில் போய்வந்த மாலைகளில், ஐந்து நிமிடம் ஒதுக்கி, பள்ளங்களில் சிக்கிய கல்துண்டுகளை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துவிடுங்கள். அப்போதே பக்கச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தால், புதிதாக ஒரு கீறலோ புடைப்போ இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். புடைப்பு இருந்தால் அந்த டயரோடு மறுநாள் நெடுஞ்சாலை ஏற வேண்டாம். அன்றிரவே ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள்.